எங்கள் ஊர் இசைப்பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்திலும் அதன் திடலிலும் நடக்கும் எங்கள் இசைப்பருவத்தைப் பற்றி நேரிலும் வாட்ஸ்அப்பிலும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதிகம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

உறுமி, கர்நாடகக் கச்சேரி, ஜாஸ், சரவாக்கின் சாப்பே எல்லாம் ஒரே பருவத்திலா? ஏன் இப்படி?

இந்த இசையெல்லாம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் தேடி வேறு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. உறுமி கேட்கத் தைப்பூசம் வர வேண்டும். நாதஸ்வரம் கேட்க யார் வீட்டிலாவது கல்யாணம் நடக்க வேண்டும், அங்கேயும் பந்திக்கு ஓடுகிற அவசரத்தில் அது காதில் விழுவதோடு சரி. முழுக் கச்சேரி என்றால் கோலாலம்பூருக்குக் கார் எடுக்க வேண்டும். ஜாஸ் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்து மலையில் வாழும் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் பாட்டை நம்மில் பெரும்பாலோர் கேட்டதேயில்லை.

இவற்றை ஒரே மண்டபத்தில், ஒரே ஒலிபெருக்கியில், ஒரே மரியாதையோடு கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. மரியாதை என்பதை அழுத்திச் சொல்கிறோம். பெரும்பாலான விழாக்களில் தப்பு எனப்படும் பறையும் உறுமியும் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும். விருந்தினர் உட்கார்ந்ததும் அடித்தவர்கள் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகுதான் 'நிகழ்ச்சி' தொடங்கும். எங்கள் பருவத்தில் யாரும் வரவேற்புக்கு வாசிப்பதில்லை. உறுமிக் குழுவுக்கு ஒதுக்கும் நேரமும் சன்மானமும் வீணைக் கலைஞருக்கு ஒதுக்குவதும் ஒன்றே.

ஜாஸ் வெள்ளைக்காரர் இசை, படித்தவர்கள் இசை என்கிறார்களே. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அது எதற்கு?

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஜாஸின் வேரைத் தேடிப் போனால் ஒரு தோட்டத்தில்தான் போய் நிற்பீர்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தித் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். வேலை நேரத்தில் ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் வறுமையும் அவமானமும் ஒழியவில்லை. அந்த வேலைப் பாட்டிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் புளூஸ் பிறந்தது. புளூஸும் ராக்டைம் என்னும் பியானோ இசையும் ஊர்வலங்களில் வாசித்த பித்தளைக் குழல் குழுக்களின் இசையும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் ஆயிற்று.

நம் முன்னோர் கங்காணிகள் ஆள்சேர்த்த கங்காணி முறையில் வந்ததும் அவர்கள் அடிமைகளாகக் கடத்தப்பட்டதும் ஒன்றல்ல. இரண்டையும் சமமாக்கிப் பேச மாட்டோம். ஆனால் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, அடுத்தவருக்குச் சொந்தமான நிலத்தில் குனிந்து உழைத்தவர்கள் ஏன் பாடினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் நம் நடவுப் பாட்டும் கும்மியும் அதே அமைப்புதான்.

காதுக்கும் அது அந்நியமில்லை. புளூஸில் அதிகம் புழங்கும் ஐந்து சுர வரிசையும் நம் சுத்த தன்யாசி ராகமும் (ஸ க ம ப நி) ஒரே சுரங்கள்தாம். அந்தப் பாடகர்கள் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நேராகப் பிடிக்காமல் வளைத்து, இரண்டு சுரத்துக்கு நடுவே நிறுத்துவார்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வளைவு உடனே பிடிபடும். புளூஸின் அடிப்படை அமைப்பு பெரும்பாலும் 12 பார் (தாளக் கட்டம்), பாருக்கு நான்கு தட்டு, ஆக 48 தட்டு. முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

இந்த நாட்டுக்கும் ஜாஸ் புதிதல்ல. பினாங்கில் 1922இல் பிறந்த ஜிம்மி பாய்ல் ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர். வானொலி இசைக்குழுவை நடத்திய அல்ஃபோன்சோ சொலியானோவும் ஜாஸ் பியானோ கலைஞரே. நம் தாத்தாக்கள் ரேடியோவில் கேட்ட பழைய மலாய்ப் பாட்டுகளில் ஜாஸின் சாயல் நிறையவே உண்டு.

பறை சாவுக்கு அடிப்பது. கோயில் மண்டபத்தில் அதை ஏற்றலாமா?

ஏற்றலாம். ஏற்றியிருக்கிறோம். இனியும் ஏற்றுவோம்.

பறை சாவுக்கும் அடிக்கப்பட்டது, திருவிழாவுக்கும் அடிக்கப்பட்டது, ஊருக்குச் செய்தி சொல்லவும் அடிக்கப்பட்டது. சங்கப் பாடல்களில் அது போருக்கும் முழங்குகிறது, மணவீட்டிலும் முழங்குகிறது. அதைச் சாவோடு மட்டும் கட்டிப்போட்டது சாதி. அடித்தவரைத் தள்ளிவைத்தவர்கள் அவர் கையில் இருந்த கருவியையும் தள்ளிவைத்தார்கள். கப்பலேறி வந்தபோது அந்தப் பாகுபாடும் கூடவே வந்தது. தோட்டம் விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகும் சில வீடுகளில் அது இன்னும் இருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்மீது எங்களுக்குக் கோபமில்லை. ஒரு மாலை வந்து கேளுங்கள் என்றுதான் அழைக்கிறோம்.

வந்தால் ஆட்டக்காரரின் இரண்டு கையையும் பாருங்கள். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மற்றதில் குட்டையான தடித்த குச்சி. ஒரே தோலில் மேல் ஒலியும் கீழ் ஒலியும் தனித்தனியாக எழும். காலும் கூடவே தாளம் பேசும். தோல் இளகாமல் இருக்க வாசிப்பதற்கு முன் தீயில் காட்ட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் அதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். அதற்காகத் திடலின் ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள், ஆனால் மண்டபத்துக்குள் நெருப்பு எடுத்துவர அனுமதி இல்லை.

உறுமி அடித்தால் சிலருக்குச் சாமி வந்துவிடுமே?

வரும். அதனால்தான் உறுமிக் குழுக்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறோம். முனியாண்டி, காளி, மதுரை வீரன் என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய வர்ணிப்பும் அழைப்புத் தாளமும் சடங்குக்கு உரியவை. அவற்றைத் திருவிழாவில் கேட்கலாம், இங்கே வாசிப்பதில்லை. மேடையில் நீங்கள் கேட்கப்போவது உறுமியின் கைவேலை. இடப்பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமலை எழுப்புவது எப்படி, குச்சியை அழுத்தும்போதும் விடும்போதும் ஒலி எப்படி ஏறி இறங்குகிறது, பம்பையும் தவிலும் அதற்கு எப்படி இடம் விடுகின்றன என்பவை. இளைஞர்கள் இதில் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்பது ஊர்வலத்தின் நெரிசலில் தெரிவதில்லை.

அப்படியும் யாருக்காவது அருள் வந்தால் பதற வேண்டாம். கோயில் பெரியவர்கள் இருவர் திருநீற்றோடு பக்கத்திலேயே இருப்பார்கள். வாசிப்பை நிறுத்தி, அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகே தொடர்வோம். அந்த நேரத்தில் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள்.

கர்நாடக சங்கீதம் எனக்குப் புரியாது. வந்து என்ன செய்வது?

புரிவதற்கு முன்பே பிடித்துவிடும், அதற்கு வழி இருக்கிறது. எங்கள் கச்சேரிகள் நீளமானவை அல்ல, ஒன்றேகால் மணி நேரம்தான். வர்ணத்தில் தொடங்கி, சின்னப் பாட்டுகள், நடுவில் விரிவான ஒரு பாட்டு, தாள வாத்தியங்களின் தனி, கடைசியில் துக்கடா என்னும் இலகுவான சிறு பாட்டு என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய வரிசையைத்தான் சுருக்கி எடுத்துக்கொள்கிறோம். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோரின் தமிழ்ப் பாட்டுகள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்று கலைஞர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். தெலுங்குப் பாட்டைக் குறைவாக நினைத்து இப்படிக் கேட்கவில்லை. முதல் தடவை வருபவருக்குச் சொல்லும் சேர்ந்து மனத்தில் இறங்கினால் இரண்டாம் தடவையும் வருவார் என்பதுதான் காரணம்.

ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பாடகர் தொடையில் தட்டும் கையைப் பாருங்கள். தட்டு, விரல் எண்ணிக்கை, வீச்சு. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. இரண்டு சுற்று நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். பிறகு தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்ளும்போது எங்கே வந்து சேர்கிறார்கள் என்பதை உங்கள் கையே காட்டிக்கொடுக்கும். உறுமி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

இப்படிக் கலந்தால் பாரம்பரியம் கெட்டுப்போகாதா?

கெட்டுப்போன கலப்பையும் கேட்டிருக்கிறோம். கீழே டிரம்ஸ் ஒரே அடியை அடித்துக்கொண்டேயிருக்க, மேலே ராகம் மிதந்துகொண்டிருக்கும், இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு இங்கே இடமில்லை.

ஆனால் கலப்பே கூடாது என்றால் வயலினையும் கச்சேரியிலிருந்து எழுப்பிவிட வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெளிநாட்டு வயலினைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குப் பழக்கியவர். இன்று அது இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாக்ஸபோனுக்கு பெல்ஜியக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்றார். கத்ரி கோபால்நாத் அதை மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியத்தில் கேட்டு ஆசைப்பட்டு, கமகம் பேசும் கருவியாக மாற்றினார். 1994இல் லண்டன் பிபிசி பிராம்ஸ் விழாவிலும் வாசித்தார். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் கர்நாடக இசையையே வாசித்தார். எழுபதுகளில் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த 'சக்தி' குழுவை நம்மில் பலர் அறிவோம். பல ஆண்டுகள் கழித்து, வேறு கலைஞர்களும் சேர்ந்த அதே குழுவுக்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது.

இவர்கள் எல்லாரும் தம் மரபில் ஊறிய பிறகே அடுத்தவரோடு கைகோத்தவர்கள். எங்கள் ஒழுங்கும் அதுதான். மாலையின் முதல் பாதியில் ஒவ்வொரு குழுவும் தன் இசையைத் தனியாக, முழுசாக வாசிக்கும். சேர்ந்து வாசிப்பது இரண்டாம் பாதியின் கடைசிப் பகுதியில் மட்டும், அதுவும் ஒத்திகை பார்த்த பிறகே. ஒத்திகையில் சரிவரவில்லை என்று கலைஞர்கள் சொன்னால் சேர்ந்து வாசிப்பதை விட்டுவிடுவோம். அது யாருக்கும் குறைவில்லை.

நாதஸ்வரமும் சாக்ஸபோனும் சுருதி சேருமா?

சேரும், பொறுமை வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனின் அடிப்படைச் சுருதி ஈ ஃப்ளாட். நம் கணக்கில் அது இரண்டரைக் கட்டை. டி. என். ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து பரவிய நீளமான பாரி நாதஸ்வரத்தையும் இரண்டு, இரண்டரைக் கட்டையில்தான் வாசிக்கிறார்கள். அதனால் தொடக்கம் சுலபம். சிக்கல் பிறகுதான். நாதஸ்வரக்காரர் ஊதும் நாக்கான சீவாளியில் உதட்டை அழுத்தியும் தளர்த்தியும் சுரத்தை அசைப்பார், அதற்குத் தக்கபடி சாக்ஸபோன்காரர் வழிவிட வேண்டும். ஜாஸில் அடிநாதம் மாறிக்கொண்டே போகும், நமக்கு ஆதார சட்ஜம் அசையக் கூடாது. ஆகவே சேர்ந்து வாசிக்கும்போது ஒரே சுர வரிசையில் நெடுநேரம் நிற்கும் ஜாஸ் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

தாளத்தில் இன்னும் சுவையான இடம் இருக்கிறது. 1959இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு ஐந்து தட்டுத் தாளத்தில் பதிவுசெய்த மெட்டு உலகமெங்கும் புகழ்பெற்றது. அவர்கள் ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்தார்கள். நம் கண்ட சாப்பு இரண்டும் மூன்றும், தக தகிட. ஒத்திகையில் தவில்காரரும் டிரம்ஸ்காரரும் இந்த ஐந்துக்குள் ஒருவரையொருவர் தேடிப் பிடிப்பதைப் பார்க்கவே வரலாம். ஒத்திகை சனிக்கிழமை காலையில் நடக்கும், கதவு திறந்தே இருக்கும்.

'உலக இசை' என்று போட்டிருக்கிறீர்களே, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களா?

இந்தப் பருவத்தில் அந்தப் பகுதிக்கு வருபவர்கள் நம் அக்கம்பக்கத்தவர்களே. சரவாக்கின் ஓராங் உலு மக்களின் சாப்பே, ஒரே மரத்தைக் குடைந்து படகு வடிவில் செய்த தந்திக் கருவி. ஒரு தந்தியில் மெட்டு ஓடும், மற்றவை பின்னால் ஒலித்துக்கொண்டேயிருக்கும். தம்புரா கேட்ட காதுக்கு அது சட்டென்று உட்காரும். வீணையோடு அதை ஒரே மாலையில் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். ஜொகூர் மலாய் கஜலில் ஹார்மோனியமும் தபேலாவும் உண்டு, காம்புஸ் என்னும் தந்திக் கருவியும் வயலினும் உண்டு. இங்கே பாதிப்பேர் பெயர் தெரியாமலே அதைக் கேட்டு ரசித்திருப்பீர்கள். சீனர்களின் இரண்டு தந்தி எர்ஹூ வாசிக்கும் மெட்டுகளில் பலவற்றை, மோகன ராகம் தெரிந்தவர்கள் கூடவே முணுமுணுக்கலாம். இரண்டும் ஐந்து சுரம்.

தெமியார் மக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பாட்டு கனவில் கிடைப்பது. மரம், மலை, ஆறு, விலங்கு இவற்றின் ஆவி கனவில் வந்து மெட்டைக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கனவு கண்டவர் ஓர் அடி பாட, பெண்கள் மூங்கில் குழாய்களை ஒரு மரக்கட்டையில் மாற்றி மாற்றிக் குத்தித் தாளமிட்டபடி திருப்பிப் பாடுவார்கள். அது நோய் தீர்க்கும் சடங்கும்கூட. ஆகவே மேடைக்கு எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்பதை அவர்கள் பெரியவர்களே முடிவுசெய்கிறார்கள். நாங்கள் பட்டியல் கேட்பதில்லை. அவர்கள் பாடும்போது படமோ பதிவோ எடுக்கக் கூடாது.

டிக்கெட் எவ்வளவு?

டிக்கெட் இல்லை. வாசலில் உண்டியல் இருக்கிறது, முடிந்ததைப் போடுங்கள். ஒரு வெள்ளி போட்டாலும் ஒன்றும் போடாவிட்டாலும் ஒரே நாற்காலிதான், முன்வரிசையை யாருக்கும் ஒதுக்கி வைப்பதில்லை. கலைஞர் சன்மானம், பயணச் செலவு, ஒலிபெருக்கி வாடகை மூன்றுக்கும் போக மீதியை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைக்கிறோம். கணக்கு மண்டப வாசலில் ஒட்டப்படும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையானபோது, இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்க வைத்தார். அந்த ஊரில் சில்லறை சேர்த்து ஒரு கச்சேரி நடத்த முடியாதா என்ன?

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

முதல் பாதி மாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடியும். மக்ரிப் பாங்கு (பள்ளிவாசலின் மாலைத் தொழுகை அழைப்பு) நேரத்தில் இடைவேளை, சாப்பாடு. 8 மணிக்கு இரண்டாம் பாதி. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கின்போது இரண்டு உருப்படிகளுக்கு நடுவே சற்று நிறுத்துவோம். 10 மணிக்கு விளக்கு அணைத்துவிடுவோம், ஞாயிறு காலையிலும் செம்பனை வெட்டப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ரயிலில் வருபவர்கள் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே சுங்கை சிப்புட்டில் இறங்கலாம். திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எப்போது கைதட்டுவது?

ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம். கச்சேரியில் ஆலாபனை முடிந்ததும், தனி முடிந்ததும் தட்டலாம், தாளமும் போடலாம். உறுமிக்கும் பறைக்கும் எழுந்து ஆடலாம், அதற்காகவே முன்னால் இடம் விட்டிருக்கிறோம். தெமியார் பாட்டுக்கு அமைதியாக இருங்கள், முடிந்ததும் அவர்கள் தலைவர் சொல்வார்.

கைக்குழந்தையோடு வரலாமா?

தாராளமாக. அழுதால் வெளியே திடலில் பாய் விரித்திருக்கிறது, ஒலிபெருக்கியும் இருக்கிறது.

எங்கள் பாட்டிக்குத் தோட்டத்துப் பாட்டு நிறையத் தெரியும். ஆனால் மேடை ஏற மாட்டார்.

அவர் ஏற வேண்டாம். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, பால்மரம் வெட்டப் போகும்போது பாடியது, கங்காணியைத் திட்டிப் பாடியது எதுவானாலும் அவர் வீட்டிலேயே வந்து கேட்டுப் பதிவுசெய்கிறோம். பெண் தொண்டர்கள்தான் வருவார்கள். பாடியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர் சம்மதித்தால் மட்டும் எழுதிவைப்போம். பதிவின் ஒரு பிரதி குடும்பத்துக்குத் தரப்படும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடத் தயங்குபவர்கள் பலர், அவர்களுக்காகக் கோயிலின் பின்புறம் ஓர் அறை இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஓரிருவர் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

நானும் வாசிக்கலாமா?

பள்ளி மாணவரானாலும் வாசிக்கலாம். பத்து நிமிடம் வாசித்த பதிவு ஒன்றைக் கொடுங்கள், கைப்பேசியில் எடுத்ததே போதும். தாளக் கருவி என்றால் மெட்ரோனோம் இல்லாமல் வாசித்தது வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம், அதற்கு ஊரில் வேறு மேடைகள் நிறைய இருக்கின்றன. அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியும் மழையுமாக இருக்கும் என்பதால் அந்த இரண்டு மாதமும் திடலில் எதுவும் இல்லை, எல்லாம் மண்டபத்துக்குள்தான். தோல் கருவிக்காரர்கள் அந்த மாதங்களில் மாற்றுக் கருவி ஒன்றையும் கொண்டுவாருங்கள்.